தறிக்காரரின் கார்

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று உறவினர்கள் எப்படியோ தீர்மானித்துவிடுகிறார்கள். பெண்ணுக்கு வந்த வரனின் குணம் எப்படி என்பது முதல் ஆழ்குழாய்க் கிணற்றுக்கு எத்தனை அடி இறக்கலாம் என்பது வரை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் வாய் கூசாமல் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் சென்ற வருஷம் என் அக்காள் மகன் வந்து, "மாமா, எந்தக் கார் வாங்கலாம்?" என்று கேட்டபோது சற்றுத் திகைத்துத்தான் போனேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் எழுதிய நாவல்களில் கதாநாயகர்கள் அநாயாசமாகக் கார் ஓட்டுவார்கள்; எந்தக் காலால் எதை மிதிக்கிறார்கள் என்று நான் எழுதியதில்லை.

பையன் பெரம்பலூரில் குடியிருக்கிறான். உத்தியோகம் அரியலூரில், ஒரு சிமெண்டு ஆலையில். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது கிலோமீட்டர். ஷிப்டு வேலை. இத்தனை நாளும் மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தையும் வந்த பிறகு, அவன் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் வரையில் அவன் மனைவி வாசல் விளக்கை அணைப்பதில்லையாம். அந்தப் பெண் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்: கார் வாங்கினால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள் என்று.

அந்த ரஸ்தாவைப் பார்த்தவர்களுக்கு அவள் சொன்னதில் உள்ள நியாயம் விளங்கும். அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முந்தைய சமாசாரம் அது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் செத்துப் படிந்து, சுண்ணாம்புக் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். கல்மரத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. சுண்ணாம்புக் கல் அப்படி அல்ல. அது இருக்கிற இடத்தில் சிமெண்டு ஆலை வரும். ஆலை வந்தால் லாரி வரும். ராத்திரி பகல் என்று இல்லாமல், சுரங்கத்திலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து ஊர் உலகத்துக்கும் லாரிகள் வரிசை கட்டிப் போகின்றன. பழைய கடல் பிராணிகளெல்லாம் எழுந்து பிரயாணம் கிளம்பிவிட்டனவோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும். பெரம்பலூருக்கோ இன்றுவரை ரெயில் கிடையாது. எங்கே போவதானாலும் ரஸ்தாதான் கதி.

பையன் யோசித்து யோசித்து இரண்டு வண்டிகளில் வந்து நின்றிருந்தான். ஒன்று மாருதி டிசைர். மற்றொன்று மஹிந்திராவின் உயரமான வண்டி. முன்னது இலேசு, பின்னது கனம். "லாரிகளுக்கு நடுவே போகிறோம், கனமாக இருந்தால்தானே நல்லது? ஆனால் பெட்ரோல் செலவைப் பார்த்தால் இலேசான வண்டிதான் கட்டுப்படியாகும். நீங்களே சொல்லுங்கள், மாமா" என்றான்.

"எனக்கு என்னடா தெரியும்? வா, மேஸ்திரியைக் கேட்போம்" என்றேன்.

பெரம்பலூரில் என் பால்யத்தில் பாதி நாள் மேஸ்திரியின் மோட்டார்ப் பட்டறையில்தான் கழிந்தது. எங்கள் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி ஒரு வேப்பமரம். அதன் கீழே தகரக் கொட்டகை. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு நான் வாடகை நூல்நிலையத்திலிருந்து கொண்டுவந்த நாவல்களை வாசிப்பேன். மேஸ்திரி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, "அப்புறம் என்னா ஆச்சு, அந்தப் பொண்ணு?" என்று கேட்பார். கதை சொல்லும் வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கேட்கிறவனுடைய முகம் தெரியாது. ஸ்பானர் சத்தம் நின்றால் கதை பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நாளில் பட்டறைக்கு வந்தவையெல்லாம் பெரும்பாலும் அம்பாஸடர்கள்தாம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற வண்டியின் அச்சுகளை வாங்கிவந்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில், 1950-களின் கடைசியிலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்துவந்த வண்டி. ஆயிரத்து நூறு கிலோவுக்குக் குறையாத கனம். குண்டும் குழியுமான பாதைக்கு ஏற்ற பெரிய சக்கரம். பின்னால் மாட்டு வண்டிக்காரனும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளக்கூடிய பட்டை வில். மேஸ்திரிக்கு அந்த வண்டி தன் வீட்டுச் சமையலறை மாதிரி. இருட்டிலும் கை நீட்டினால் வேண்டியது அகப்படும். குறிப்பிட்ட தூரம் ஓடியதும் அதன் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். தை மாதம் மாட்டுக்குக் கொம்பில் எண்ணெய் தடவுகிறாற்போல, மேஸ்திரி அதைப் பக்தியோடு செய்வார். ஒரு கல்யாணத்துக்கு அந்த வண்டியில் நாங்கள் பதினோரு பேர் சிறுவாச்சூர் போயிருக்கிறோம். பதினோராவது ஆள் நான். டிரைவருக்கும் கதவுக்கும் நடுவே இருந்தேன்.

1986-ஆம் வருஷம் என்று ஞாபகம். ஊர் டாக்டர் ஒருவர் மாருதி கார் வாங்கிவந்தார். டில்லிக்குப் பக்கத்தில் குர்காவுனில், 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்ததிலிருந்து பத்திரிகைகளில் படம் பார்த்திருந்தோம். நேரில் அன்றுதான் பார்த்தோம். மேஸ்திரி முன்மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். எஞ்சின் குறுக்காகக் கிடந்தது. மூன்றே சிலிண்டர், 796 சி.சி. வண்டியின் நடுவயிற்றில் ஓடவேண்டிய இரும்புத் தண்டைக் காணோம். முன்சக்கரங்களையே எஞ்சின் நேராகச் சுற்றியது. கிரீஸ் அடிக்க வேண்டிய முலைக்காம்புகளைத் தேடினார். மூட்டுகளுக்கு ரப்பர் உறை போட்டு மூடியிருந்தது. கடைசியில் எஞ்சினின் ஓரத்தைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டுப் போனார்.

"தம்பி, இங்கே வா. சங்கிலி இருக்க வேண்டிய எடத்துலே ரப்பர் பட்டை! ஒரு ரப்பர் பட்டையை நம்பி எஞ்சினை ஓட விட்டிருக்கான்!"

பிறகு தகட்டை விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். அந்தப் பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. "அம்பாஸடர் கொல்லன் செஞ்ச வண்டி. இது தட்டான் செஞ்சது. ஒரு குன்றிமணி கூட வீணாக்கக் கூடாதுன்னு எவனோ உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கான். இவன் காரு செய்யறதுக்கு முன்னாடி என்னா செஞ்சுக்கிட்டிருந்தான்னு தெரியணும்" என்றார்.

இந்தக் கேள்வி அவருடைய சொந்தச் சரக்கு. மனிதன் தொழிலை மாற்றிக்கொள்வானே தவிரக் கையை மாற்றிக்கொள்ள மாட்டான் என்பது அவர் கட்சி. பழைய கிணறு வெட்டுகிறவன் கொத்தனாரானால் அவன் கட்டுகிற வீடும் ஆழமாகத்தான் இருக்கும் என்பார்.

பல வருஷம் கழித்து ஒரு புஸ்தகத்தில் எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது. ஜப்பானில் ஹமாமட்ஸு என்று ஓர் ஊர். அதற்கு அருகில் பருத்தி பயிரிடும் குடும்பத்தில் 1887-இல் பிறந்தவர் மிச்சியோ சுஸுகி. இளம் வயதில் ஒரு தச்சரிடம் தொழில் பயின்றார். பிறகு தறி செய்ய ஆரம்பித்தார். முதல் தறியைத் தம் தாயாருக்காகச் செய்தார் என்று கதை சொல்கிறார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த மாதிரிக் கதைகளில் எனக்குச் சற்றுச் சந்தேகம் உண்டு. ஆனால் 1909-இல் அவர் தறிப் பட்டறை தொடங்கியதில் சந்தேகமில்லை. நன்றாகச் செய்த தறிக்கு ஒரு கெட்ட குணம். அது சீக்கிரத்தில் தேயாது. வாங்கினவன் திரும்ப வரமாட்டான். ஆகவே வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று சுஸுகி 1930-களிலேயே ஒரு சின்னஞ்சிறு ஆஸ்டின் காரை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். யுத்தம் குறுக்கே வந்துவிட்டது. யுத்தம் முடிந்து, பருத்தி வியாபாரமும் படுத்தபிறகு, 1952-இல் சைக்கிளில் பொருத்தும் 36 சி.சி. மோட்டார் ஒன்றைச் செய்தார். 1955-இல் 360 சி.சி.யில் ஒரு கார். பெயர் சுஸுலைட். பெயரிலேயே 'இலேசு' இருக்கிறது.

எங்கள் அத்தை ஒருத்தியை ஜயங்கொண்டத்துப் பக்கம் நெசவுக் குடும்பத்தில் கொடுத்திருந்தது. லீவுக்கு அங்கே போனால் குழித்தறியின் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒரே அறை. அதில்தான் தறி, அதில்தான் அடுப்பு, அதில்தான் படுக்கை. அத்தைக்காரியின் புருஷர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் உலகமே அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கால் மிதிகட்டையை மிதிக்கும், கை நாடாவை இழுக்கும், கண் பாவின் மேல் இருக்கும். அறுந்த இழையை அவர் எறிந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் செருகி வைத்து எதற்காவது உபயோகிப்பார். அந்தக் குழிக்குள் வேண்டாத ஒரு சாமானுக்கு இடமில்லை. தறியைச் செய்கிறவனுக்கும் இதெல்லாம் மனத்தில் இருந்துதானே ஆக வேண்டும்? இழையின் மேல் விழும் பாரம் கொஞ்சம் கூடினால் அறும், குறைந்தால் தொய்யும்.

சுஸுகி கம்பெனியில் ஐந்து சொல் கொண்ட ஒரு மந்திரம் உண்டு: ஷோ, ஷோ, கெய், டான், பி. சிறியதாக, குறைவாக, இலேசாக, குறுகலாக, அழகாக. தொழிற்சாலையின் சுவரிலிருந்து காரின் திருகாணி வரைக்கும் இதுதான் அளவுகோல். இந்த மந்திரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனி எந்தெந்த வண்டியைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஜீப் செய்தார்கள்; அதையும் சிறிதாகத்தான் செய்தார்கள். நம் ராணுவத்தார் மலை மேல் ஏற்றிக்கொண்டு போன ஜிப்ஸி அதுதான். வான் செய்தார்கள், மளிகைக் கடைக்காரரும் பள்ளிக்கூடமும் வாங்கக்கூடிய ஆம்னி. கனரக லாரி பக்கம் போகவே இல்லை. கிஜாஷி என்று பெரிய கார் ஒன்றைச் செய்து 2011-இல் இங்கே கொண்டுவந்தார்கள். அது ஓடவில்லை, ரோடில் நன்றாகத்தான் ஓடியது, கடையில் ஓடவில்லை. பெரிய கார்களுக்குப் பெயர்போன அமெரிக்காவில் 2012-இல் கார் வியாபாரத்தையே மூடிக்கொண்டார்கள். பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தபோது சின்ன டீசல் எஞ்சினைச் சுத்தப்படுத்துகிற செலவு வண்டியின் விலையைத் தூக்கிவிடும் என்று பார்த்து, 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்தினார்கள். மற்றவர்கள் செய்துகொண்டிருந்தார்கள், இவர்கள் விட்டுவிட்டார்கள். நெசவாளி இழை எண்ணுகிற கணக்குத்தான்.

இந்த மனிதர்களைத் தேடிப் பிடித்து வந்தவர்களில் ஒருவர் நம் தஞ்சாவூர்ச் சீமைக்காரர் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மாருதியைத் தொடங்கி நடத்திய வி. கிருஷ்ணமூர்த்தி, அதற்கு முன்பு திருச்சியில் 'பெல்' கொதிகலன் ஆலையை நிலைநிறுத்தியவர். ஆயிரக்கணக்கான டன் இரும்பில் கொதிகலன் செய்துகொண்டிருந்தவர் போய், தேசத்துக்கு 650 கிலோ காரைத் தேர்ந்தெடுத்தார்! மேஸ்திரியின் சித்தாந்தம் இந்த இடத்தில் சற்று இடிக்கத்தான் செய்கிறது.

டொயோட்டாவும் தறியிலிருந்து வந்த கம்பெனிதான். அங்கே வேறு குணம். இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்தவர் அதன் மூலபுருஷர் சகிச்சி டொயோடா. தப்பு நேர்ந்தால் உடனே நிறுத்து என்பது அவர்கள் தொழிற்சாலை வேதமாகிவிட்டது. இன்னொரு பக்கம் நம் எண்ணூர் அசோக் லேலண்டு. 1949-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொடுத்துக்கொண்டுதான் அது ஆரம்பித்தது. பிறகு லேலண்டோடு சேர்ந்ததும் காரைக் கைவிட்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. இங்கிலாந்தில் அந்த லேலண்டு 1896-இல் முதன்முதல் செய்தது நீராவியில் ஓடும் சாமான் வண்டி. பாரம் தூக்கப் பிறந்தவர்கள். அரியலூர் ரஸ்தாவில் சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போகும் லாரிகளில் அவர்கள் வண்டியும் உண்டு.

தறி விஷயத்தை நான் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "தட்டான்னு நெனைச்சேன், தறிக்காரனா! சரிதான், அவனும் இழை எண்ணுறவன்தான்" என்றார். ஆனால் அதற்கும் முன்பே மாருதி வண்டியை அவர் மரியாதையோடு பார்க்கத் தொடங்கியிருந்தார். அதற்குக் காரணம் நான் படித்த புஸ்தகம் அல்ல.

1998 ஐப்பசி. தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து அடைமழை. என் அம்மா அரியலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தாள். ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருமுனை டெலிபோன் கடைக்குச் செய்தி வந்தது: அம்மாவுக்கு மார்வலி, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, உடனே திருச்சிக்குக் கொண்டுபோனால் நல்லது. டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினேன். பண்டிகை, ஒரு டிரைவரும் இல்லை. மேஸ்திரி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பட்டறையில் கிளச்சுக் கம்பி மாற்றுவதற்காக விட்டிருந்த ஒரு மாருதி 800 மட்டும் நின்றது. ஒப்படைத்த வண்டியைச் சொந்தக் காரியத்துக்குத் தொடமாட்டேன் என்பது மேஸ்திரியின் விரதம். முதல்மந்திரியே கேட்டாலும் கொடுக்க மாட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அன்று அவர் என் முகத்தைப் பார்த்தார், சாவியை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

போகும்போது எப்படியோ போய்விட்டோம். அம்மாவைப் பின் ஆசனத்தில் படுக்க வைத்துக்கொண்டு திரும்பும்போது, ஊர் எல்லையில் ஓடை தரைப்பாலத்தை மூழ்கடித்து ஓடிக்கொண்டிருந்தது. வயல்வெளி வண்டிப்பாட்டையில் சுற்றிக்கொண்டு போகலாம் என்று நான்தான் சொன்னேன். இரவில், மழையில், கரிசல் மண்ணில் காரை இறக்கச் சொன்ன அறிவாளி நான். பருத்திக் காட்டின் நடுவில் முன்சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்தன. கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். அது பிடித்தால் விடாது; செருப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் காலை விடும்.

அம்மா உள்ளே முனகிக்கொண்டிருந்தாள். நான் சேற்றில் மண்டியிட்டுக் கையால் மண்ணை வாரினேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். மேஸ்திரி ஹாரனை விடாமல் அடித்தார். தூரத்தில் ஒரு மோட்டார்க் கொட்டகையில் அரிக்கேன் வெளிச்சம் அசைந்தது. கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். எங்களையும் சேர்த்து ஆறு பேர்.

"யாரும் தள்ளாதீங்க. தள்ளினா இன்னும் எறங்கும். தூக்குங்க!" என்றார் மேஸ்திரி.

தூக்கினோம். நான் பொய் சொல்லவில்லை. ஒரு காரின் முன்பக்கத்தை ஆறு பேர் கையால் தூக்கினோம். பல்லக்குத் தூக்குகிறவர்கள் மாதிரி மூச்சுப் பிடித்து, ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்த்தி, பருத்தி மார் பரப்பின இடத்தில் வைத்தோம். பிறகு பின்பக்கம். அம்மா உள்ளே இருந்தபடியேதான். "அம்மா, கெட்டியாப் புடிச்சுக்கிங்க" என்று ஒருவர் ஜன்னல் வழியாகச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. கல்லக்குடி, லால்குடி வழியாகத் திருச்சி போய்ச் சேரும்போது இரவு இரண்டு மணி. அம்மா அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தாள்.

மறுநாள் பட்டறையில் வண்டியைக் கழுவிக்கொண்டே மேஸ்திரி சொன்னார்: "ஆறு பேர் தூக்கறாப்பலே ஒரு வண்டி செஞ்சிருக்கான் பாரு, தம்பி." சொந்தக்காரரிடம் தாமே போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், கிளச்சுக் கம்பிக்குக் காசு வாங்கவில்லை.

இத்துடன் கதை முடிந்திருந்தால் என் அக்காள் மகனுக்கு நானே பதில் சொல்லியிருப்பேன். முடியவில்லை. மேஸ்திரிக்கு ஒரே பையன். பட்டறையை எடுத்து நடத்த வேண்டியவன். 2011-இல் ஒரு விடியற்காலை, அரியலூரில் பழுதாகி நின்ற ஏதோ வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் காரில் திரும்பிக்கொண்டிருந்தான். எந்தக் கம்பெனிக் கார் என்பது இங்கே அவசியமில்லை. எதிரே வந்த லாரி, முன்னால் போன இன்னொரு லாரியை முந்த முயன்றது. அன்று அந்த இடத்தில் எந்தக் கார் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். மேஸ்திரி அந்தக் காரைப் போய்ப் பார்த்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் உடன் போகவில்லை, போகிற தைரியம் இல்லை. அந்த வருஷமே பட்டறையை மூடிவிட்டார்.

2014-இல் இரண்டு சமாசாரம் சில மாத இடைவெளியில் வந்தது. இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய மாருதி 800-ஐ ஜனவரியில் நிறுத்தினார்கள். மே மாதம் உத்தரபாராவில் அம்பாஸடர் நின்றது. அதே ஜனவரியில் இன்னொன்றும். வெளிநாட்டு ஸ்தாபனம் ஒன்று இந்தியச் சின்னக் கார்கள் ஐந்தை மோதவிட்டுப் பரீட்சை பார்த்து, ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. அவற்றில் ஆல்டோவும் ஒன்று. தறிக்காரரின் மந்திரத்தில் சிறிது உண்டு, குறைவு உண்டு, இலேசு உண்டு. உறுதி என்ற சொல் இல்லையே என்று எனக்கு அன்று தோன்றியது. அதே சமயத்தில், அதே மனிதர்கள்தாம் பிறகு உயர்வலிமை எஃகை எடுத்துக்கொண்டு, இலேசையும் விடாமல் பலத்தையும் கூட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் புது டிசைர் அதே பரீட்சையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிற்று. அதற்குப் பத்து வருஷம் பிடித்தது. அந்தப் பத்து வருஷத்தில் வாங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று மேஸ்திரி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்கவில்லை.

நானும் அக்காள் மகனும் போனபோது மேஸ்திரி வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் ஒன்று சரியாகத் தெரிவதில்லை. பையன் இரண்டு வண்டிகளின் படத்தையும் செல்போனில் காட்டி, கனம், விலை, மைலேஜ் எல்லாம் ஒப்பித்தான்.

"மொதல் வண்டி தறிக்காரன் வண்டி, தெரியும். ரெண்டாவது வண்டிக்காரன் முன்னாடி என்னா செஞ்சான்?" என்று கேட்டார் மேஸ்திரி.

பையன் செல்போனில் தேடி, "இரும்பு வியாபாரம், தாத்தா. 1945-லே எஃகு விக்கிற கம்பெனியா ஆரம்பிச்சு, 1947-லேருந்து ஜீப் பூட்டியிருக்காங்க" என்றான்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இரும்புக் கடைக்காரன் கனமாத்தானே செய்வான்? சரியாப் போச்சு!"

"அப்போ எதை வாங்கலாம், அண்ணே?" என்றேன் நான்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கட்டில் கயிற்றை நெருடிக்கொண்டிருந்தார். பிறகு பையனைப் பார்த்து, "சுண்ணாம்புக் கல்லு ஏத்தின லாரி எத்தினி டன்னு இருக்கும்?" என்று கேட்டார்.

"முப்பது, நாப்பது டன் வரும், தாத்தா."

"அதுக்கு முன்னாடி உன் ஒரு டன்னு என்னா, ஒண்ணரை டன்னு என்னா? ரெண்டும் நல்ல வண்டிதான். உன் பொண்டாட்டி எதை ஓட்டப் பழகுவாளோ, எதுக்குக் கடன் வாங்காம பெட்ரோல் போடுவியோ, அதை வாங்கு. ராத்திரி ஷிப்டை மாத்திக் குடுப்பாங்களான்னு மேனேஜரைக் கேளு. அதைக் கேட்டுட்டு அப்புறம் காரைக் கேளு."

பையன் ஆலையில் போய்க் கேட்டான். மாதத்தில் பாதி நாள் பகல் ஷிப்டு கொடுக்கச் சம்மதித்தார்கள்; மீதிப் பாதிக்கு வழியில்லை என்றார்கள். டிசைர்தான் வாங்கினான். கோயிலில் பூஜை போட்டதும் நேராக மேஸ்திரி வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்தான்.

மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவுத் தகட்டை விரல் முட்டியால் தட்டினார். காதைச் சாய்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "அரியலூர் வரைக்கும் போய்ட்டு வரலாமா, தாத்தா?" என்று பையன் கேட்டான். அந்த ரஸ்தாவில் அவர் பதினாலு வருஷமாகப் போனதில்லை என்பது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் ஏதோ சாக்குச் சொல்லித் தடுக்க வாயெடுத்தேன். அதற்குள் மேஸ்திரி பின்கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் தோளுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ துழாவினார். ஆயுளெல்லாம் கார்களுக்கு அடியில் கிடந்த மனிதர். அம்பாஸடரின் பின் ஆசனத்தில் அவர் பார்த்திராத ஒரு நாடா அது. இழுத்துப் பார்த்தார். வந்தது. விட்டார். உள்ளே போயிற்று. மறுபடி இழுத்து மார்புக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, "இதை எங்கேப்பா மாட்டறது?" என்று பையனைக் கேட்டார்.